நான்கு ஸ்பின்களில் தொடங்கும் கண்டென்ஸ்டு மேட்டர்

இயற்பியல் மாணவர்கள் எழுதும் ஆய்வு விருப்பக் குறிப்புகளில் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: வலுவாக ஊடாடும் எலக்ட்ரான்கள், குவாண்டம் காந்தவியல், டோபாலஜிகல் நிலைகள், ஒழுங்கின்மையால் வரும் இடமுடக்கம் (துகள்கள் நகர முடியாமல் ஓரிடத்தில் முடங்குவது). நான்குமே நல்ல துறைகள். ஆனால் பெயரை மட்டும் எழுதினால், அந்த மாணவர் எந்தக் கணக்கில் கைவைக்கப் போகிறார் என்று படிப்பவருக்குத் தெரியாது. திட, திரவப் பொருள்களை ஆராயும் கண்டென்ஸ்டு மேட்டர் கோட்பாட்டில் மூன்று விஷயங்கள் கூடும்போதுதான் விருப்பம் உருப்பெறுகிறது: எழுதிக்காட்டக்கூடிய ஒரு ஹாமில்டோனியன் (அமைப்பின் ஆற்றலைத் தரும் கோவை), அதிலிருந்து கணக்கிட வேண்டிய ஓர் அளவு, வந்த விடை சரிதானா என்று பார்க்க முன்பே தெரிந்த ஓர் எண். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தொடங்குவதற்கு என் தேர்வு ஹைசன்பெர்க் சங்கிலி. ஒரு வரிசையில் ஸ்பின்-அரைகள், அதாவது மேல், கீழ் என்ற இரண்டு நிலைகள் கொண்ட குட்டிக் காந்தங்கள், நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டின் புள்ளிப்பெருக்கத்தை எடுத்து எல்லாப் பிணைப்புகளுக்கும் கூட்டினால் அதுவே ஹாமில்டோனியன். பிணைப்பு வலிமையை 1 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் ஆற்றல்கள் எல்லாம் அந்த அலகில். குறி நேர் என்பதால் பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கவே விரும்பும். 1931-இல் ஹான்ஸ் பேத்தே இதற்குத் துல்லியமான தீர்வு முறையைத் தந்துவிட்டார். முடிவிலாச் சங்கிலியில் ஒரு தளத்துக்கான (ஒரு ஸ்பின் நிற்கும் இடத்துக்கான) அடிநிலை ஆற்றல், அதாவது மிகக் குறைந்த ஆற்றல், கால் கழித்தல் 2-இன் இயல் மடக்கை, அதாவது −0.443147. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல எண் கிடைக்காது.

முதலில் நான்கு தளங்கள் கொண்ட வளையம். கணினியைத் தொடாமல் தாளில் போட வேண்டும். மேல் ஸ்பின்னுக்கு 1, கீழ் ஸ்பின்னுக்கு 0 என்று எழுதினால் ஒவ்வொரு நிலையும் நான்கு பிட் கொண்ட ஓர் இரும எண். மொத்தம் 16. மொத்த ஸ்பின்னின் செங்குத்துக் கூறு மாறாது என்பதால் இரண்டு மேல், இரண்டு கீழ் உள்ள ஆறு நிலைகளை மட்டும் எடுத்தால் போதும்: 3, 5, 6, 9, 10, 12. ஒரு பிணைப்பின் இரு முனைகளிலும் ஸ்பின் ஒரே திசையில் இருந்தால் மூலைவிட்டத்தில் கூட்டல் கால். எதிர்த்திசையில் இருந்தால் கழித்தல் கால். அதோடு அந்த இரண்டையும் இடம் மாற்றிய நிலைக்கு அரை மதிப்புள்ள ஓர் உறுப்பு.

5 என்ற நிலையை எடுங்கள், இருமத்தில் 0101. நான்கு பிணைப்புகளும் எதிர்த்திசை. எனவே மூலைவிட்டத்தில் −1. ஒவ்வொரு பிணைப்பையும் புரட்டினால் 6, 3, 9, 12 ஆகிய நான்கு நிலைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் அரை. அடுத்து 3, அதாவது 0011. இரண்டு பிணைப்புகள் ஒத்த திசை, இரண்டு எதிர்த்திசை. மூலைவிட்டம் 0. புரட்டினால் 5-உம் 10-உம் வரும். இப்போது 5, 10 இரண்டுக்கும் ஒரே கெழு, மற்ற நான்குக்கும் வேறொரு பொதுக் கெழு என்று வைத்தால், ஆறுக்கு ஆறு அணி ஒரே இருபடிச் சமன்பாடாகச் சுருங்கிவிடும்: ஆற்றலின் வர்க்கம் கூட்டல் ஆற்றல் கழித்தல் 2 சமம் 0. தீர்வுகள் 1, −2. அடிநிலை ஆற்றல் −2. அதில் 5, 10 நிலைகளின் கெழு 2 என்றால் மற்ற நான்கின் கெழு −1. அந்தக் குறி மாற்றம் தற்செயல் அல்ல. தளங்களை அண்டைகள் எதிரெதிராக வரும்படி இரண்டு குழுக்களாகப் பிரிக்கக்கூடிய இருபிரிவு லேட்டிஸ்களில் அடிநிலைக் கெழுக்களின் குறி எப்படி மாற வேண்டும் என்று சொல்லும் மார்ஷல் விதி இந்த ஆறு எண்களிலேயே கண்ணுக்குத் தெரிகிறது.

இதையே வேறொரு வழியிலும் பார்த்துவிட வேண்டும். வளையத்தில் 1, 3 தளங்களின் கூட்டு ஸ்பின்னும் 2, 4 தளங்களின் கூட்டு ஸ்பின்னும் மட்டுமே ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. கோண உந்தக் கூட்டல் விதியைப் போட்டால் 16 ஆற்றல் மட்டங்களும் வந்துவிடும்: −2 ஒருமுறை, −1 மூன்று முறை, 0 ஏழு முறை, +1 ஐந்து முறை. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 0. இந்த ஹாமில்டோனியனின் மூலைவிட்டக் கூட்டல் எப்போதும் 0 ஆகவே இருக்கும் என்பதால், நிரல் எழுதியதும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான். நொடி நேரம் பிடிக்காது. பிணைப்பு விடுபட்டாலோ இருமுறை எண்ணப்பட்டாலோ இது காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் −2 என்ற எண் கையில் இருக்கிறது.

இரண்டு தளங்களை வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தளங்களுக்கு நடுவே இருப்பது ஒரே பிணைப்பு, அடிநிலை −0.75. வளையம் என்று நிரலிடம் சொன்னால் அது 1-இலிருந்து 2-க்கும் 2-இலிருந்து 1-க்கும் என்று இருமுறை எண்ணி −1.5 தரும். ஆற்றல் நான்கு மடங்காக வந்தால் காரணம் வேறு: ஸ்பின் அணிகளுக்குப் பதில், அவற்றைப் போல் இரு மடங்கான பவுலி அணிகளை அப்படியே போட்டிருப்பார்கள்.

பிறகு தளங்களைக் கூட்டலாம். ஆறு தள வளையத்தின் ஒரு தள ஆற்றல் −0.467129, எட்டுக்கு −0.456387, பத்துக்கு −0.451545, பன்னிரண்டுக்கு −0.448949. பேத்தேயின் எண்ணை நோக்கி இவை நகர்வது தெரிகிறது. எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதும் முன்பே தெரியும். அடிநிலைக்கு மேலே ஆற்றல் இடைவெளி இல்லாத ஒருபரிமாண அமைப்புகளை விவரிக்கும் கன்ஃபார்மல் கோட்பாட்டின்படி விலகல், தள எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம்; இந்தச் சங்கிலிக்கு அதன் கெழு பை-யின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 0.8225. பன்னிரண்டு தளங்களுக்கு இந்தக் கணிப்பு −0.448859 தருகிறது. நான்காம் தசம இடத்துக்கு அருகில்தான் வேறுபாடு தொடங்குகிறது. அந்த மிச்சம், தள எண்ணிக்கையின் மடக்கையைப் பொறுத்து மெல்லக் குறையும் மடக்கைத் திருத்தங்களிலிருந்து வருவது. ஒற்றைப்படை எண்ணிக்கை கொண்ட வளையங்களை இந்த வரைபடத்தில் கலக்கக் கூடாது. அங்கே எதிரெதிராக அடுக்க வழியில்லாமல் ஒரு பிணைப்பு எப்போதும் திருப்தியின்றி நிற்கும்; புள்ளிகள் வேறொரு கோட்டில் விழும்.

கணக்கின் அளவு வளரும் விதத்தை எண்களாகவே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 16 தளங்களில் 65536 நிலைகள். செங்குத்துக் கூறு 0 உள்ள பிரிவில் 12870. அந்தப் பிரிவின் அணியை முழுதாக நினைவகத்தில் வைக்க சுமார் 1.3 ஜிபி வேண்டும். ஒரு சாதாரண மடிக்கணினி தாங்கும். 20 தளங்களில் பிரிவின் அளவு 184756. முழு அணிக்கு 273 ஜிபி. நான்கு தளம் கூட்டியதற்கே கதை முடிந்தது. ஆனால் அந்த அணியில் ஏறக்குறைய எல்லாமே பூச்சியம். ஒரு வரிசைக்குச் சராசரியாகப் பத்துப் பதினொரு உறுப்புகள்தான் உண்டு, மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்று மேல். அவற்றை மட்டும் சேமித்தால் 30 எம்பி-க்குள் அடங்கிவிடும். அடிநிலை மட்டும் போதும் என்றால் அணியை வெக்டரால் திரும்பத் திரும்பப் பெருக்கும் லாஞ்சோஸ் முறை இருக்கிறது. 1950-இல் கொர்னேலியஸ் லாஞ்சோஸ் தந்தது. நூறு, இருநூறு பெருக்கல்களுக்குள் அடிநிலை ஆற்றல் கணினியின் முழுத் துல்லியத்துக்கு வந்துவிடும். 24 தளங்களில் ஒரு வெக்டருக்கு 22 எம்பி போதும். 32 தளங்களில் அதுவே 4.8 ஜிபி ஆகும், வேறு எந்தச் சமச்சீர்மையும் பயன்படுத்தாவிட்டால்.

லாஞ்சோஸ் முறையை முதன்முதலாகச் சொந்தமாக எழுதுபவர்களை அது மூன்று இடங்களில் ஏமாற்றும். முதலாவது, பேய் மட்டங்கள். வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். மீதிப்பிழைகள் சேரச் சேர அந்தச் செங்குத்துத்தன்மை குலைந்து, ஏற்கனவே கிடைத்த அடிநிலை மறுபடி ஒரு புதிய மட்டமாகத் தலைகாட்டும். அடிநிலைக்கும் அடுத்த மட்டத்துக்கும் இடைவெளி 0 என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். படிகளைக் கூட்டும்போது அந்த மட்டத்தின் பிரதிகளும் கூடினால் அது பேய்தான். இரண்டாவது இதற்கு நேர் எதிர்: உண்மையிலேயே ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகள் இருந்தால், ஒரு தொடக்க வெக்டரிலிருந்து கிளம்பும் லாஞ்சோஸ் அவற்றில் ஒரு சேர்க்கையை மட்டுமே பார்க்கும். மூன்றாவது, தொடக்க வெக்டரை அழகாக, எல்லாக் கெழுவும் 1 என்று வைப்பது. அது ஒரு சமச்சீர்ப் பிரிவுக்குள் முழுதாக மாட்டிக்கொள்ளும். எத்தனை முறை பெருக்கினாலும் வெளியே வராது. மேலே பார்த்த நான்கு தள அடிநிலையை எடுத்துக்கொண்டால், 2, 2, −1, −1, −1, −1 ஆகிய கெழுக்களின் கூட்டுத்தொகை சரியாக 0. எல்லாம் 1 என்ற வெக்டர் அதற்கு முற்றிலும் செங்குத்து. தொடக்க வெக்டரைத் தற்செயல் எண்களால் நிரப்புங்கள்.

இரண்டாவது பொறியைப் பிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. 1969-இல் சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் எழுதிய மாதிரி அது. பக்கத்துத் தளப் பிணைப்பு 1 என்றால், ஒன்றுவிட்ட தளப் பிணைப்பு அதில் பாதி. அப்போது அடிநிலை துல்லியமாகத் தெரியும்: ஸ்பின்கள் இரண்டிரண்டாக இணைசேர்ந்து சிங்லெட்டுகளாக (மொத்த ஸ்பின் 0 உள்ள ஜோடிகளாக) நிற்கும், ஒரு தளத்துக்கு ஆற்றல் −0.375. இணைசேர்க்க இரண்டு வழிகள் இருப்பதால் இரட்டை எண்ணிக்கை கொண்ட வளையத்தில் இரண்டு அடிநிலைகள். எட்டுத் தளத்தில் நிரல் −3.000 என்ற ஆற்றலை இரண்டு முறை தர வேண்டும். ஒரு முறை மட்டும் தந்தால் லாஞ்சோஸ் ஒன்றை விழுங்கியிருக்கிறது. வளையத்தை ஒரு தளம் நகர்த்தும்போது குறி மாறாத நிலைகள் உந்தம் 0, குறி மாறும் நிலைகள் உந்தம் பை என்று பிரிவுகளைத் தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் வெளிவரும். இதே மாதிரியை நான்கு தளத்தில் சோதிக்கும்போது கவனம் வேண்டும். ஒன்றுவிட்ட பிணைப்புகள் அங்கே இரண்டே ஜோடிகள்; சூத்திரமோ நான்கு உறுப்புகளைக் கூட்டுகிறது. ஜோடிக்கு ஒருமுறை மட்டும் எண்ணினால் −1.75 வரும், சூத்திரத்தின்படி இருமுறை எண்ணினால் −1.5 வரும். நான்கு தளத்தைத் தவிர்த்து ஆறிலிருந்து தொடங்குவதே இங்கே மேல். ஆறில் −2.25 வர வேண்டும்.

ஸ்பின்களிலிருந்து எலக்ட்ரான்களுக்குப் போனால் புதிதாக ஒரு தொல்லை சேரும்: குறி. ஹப்பர்ட் மாதிரியில் எலக்ட்ரான் பக்கத்துத் தளத்துக்குத் தாவ ஒரு வலிமை, ஒரே தளத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் உட்கார்ந்தால் அதற்கு ஓர் ஆற்றல் விலை. தாவும் வலிமையை 1 என்று வைத்தால், இரண்டு தளம், இரண்டு எலக்ட்ரான், விலை 8 என்ற கணக்கில் அடிநிலை −0.4721 வர வேண்டும். ஆனால் இந்தச் சோதனை குறிப் பிழையைக் கண்டுபிடிக்காது. எலக்ட்ரான் போன்ற ஃபெர்மியான் ஒன்று வளையத்தின் கடைசித் தளத்திலிருந்து முதல் தளத்துக்குத் தாவும்போது, வழியில் உள்ள தன் இன (அதே ஸ்பின்) எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கழித்தல் குறி சேர வேண்டும். ஆறு தளத்தில் மேல் ஸ்பின் மூன்று, கீழ் ஸ்பின் மூன்று என்றால், தாவுகிற ஒன்றைத் தவிர அந்த இனத்தில் மீதி இரண்டு. குறிகள் தாமாகவே அடிபட்டுப் போகும். விலையை 0 ஆக்கினால் சரியான விடையான −8 வந்துவிடும், குறியை அடியோடு மறந்த நிரலிலும்! நான்கு தளத்தில், இனத்துக்கு இரண்டு என்று நிரப்பினால்தான் குட்டு வெளிப்படும். சரியான விடை −4. குறி விட்டுப்போன நிரல் −5.657 தரும். சோதனை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே, பிழை இருந்தால் அந்த எண் மாறுமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சோதனையிலும் எனக்கு இதுதான் முதல் கேள்வி.

ஹப்பர்ட் மாதிரியில் ஒரு தளத்துக்கு நான்கு நிலைகள் என்பதால் சுவர் சீக்கிரமே வந்துவிடும். பாதி நிரம்பிய 12 தளத்தில் 853776 நிலைகள்; 16 தளத்தில் 16 கோடியே 56 லட்சம். விலை மிக அதிகமானால் எலக்ட்ரான்கள் தளத்துக்கு ஒன்றாக உறைந்து, ஹைசன்பெர்க் சங்கிலியே மீண்டும் வரும். அதன் பிணைப்பு வலிமை, தாவும் வலிமையின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி விலையால் வகுத்தால் கிடைப்பது; ஒவ்வொரு பிணைப்பிலும் அந்த வலிமையில் கால் பங்கு மாறிலியாகக் கழியும். மேலே உள்ள இரண்டு தளக் கணக்கில் இந்தத் தோராயம் −0.5 தரும், துல்லிய மதிப்பு −0.4721. விலை 8 என்பது இன்னும் ‘மிக அதிகம்’ ஆகவில்லை என்பதை இந்த ஆறு சதவீத வேறுபாடு சொல்கிறது.

இடமுடக்கத்திலும் குவாண்டம் குழப்பத்திலும் (கேயாஸ்) விருப்பம் உள்ளவர்களுக்கு அடிநிலை போதாது, எல்லா மட்டங்களும் வேண்டும். அவர்கள் பார்ப்பது அடுத்தடுத்த இடைவெளிகளின் விகிதம்: இரண்டு இடைவெளிகளில் சிறியதைப் பெரியதால் வகுத்துச் சராசரி எடுப்பது. மட்டங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் விழுந்தால் சராசரி 0.386, ஒன்றையொன்று விலக்கினால் 0.53. வெவ்வேறு சமச்சீர்ப் பிரிவுகளைச் சேர்ந்த மட்டங்களை ஒரே பட்டியலில் போட்டு வரிசைப்படுத்திவிட்டால், அவை ஒன்றையொன்று விலக்காது என்பதால், குழப்பமான அமைப்பும் 0.386 பக்கமாகச் சரியும். அதை இடமுடக்கம் என்று தவறாகப் படித்துவிட வாய்ப்பு அதிகம். உந்தம், பிரதிபலிப்பு, ஸ்பின் தலைகீழாக்கம் என எல்லாவற்றையும் பிரித்தாலும், ஹைசன்பெர்க் மாதிரியில் மொத்த ஸ்பின் என்ற சமச்சீர்மை உள்ளே ஒளிந்திருக்கும். செங்குத்துக் கூறின் பிணைப்பை மட்டும் கொஞ்சம் மாற்றி அந்தச் சமச்சீர்மையை உடைத்துவிடுவது எளிய வழி. இதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: பக்கத்துத் தளப் பிணைப்பு மட்டும் உள்ள சங்கிலி, செங்குத்துப் பிணைப்பை மாற்றினாலும் பேத்தே முறையில் தீரக்கூடியதுதான். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பிரித்தாலும் அது 0.386 தரும். அங்கே பிழை எதுவும் இல்லை.

தற்செயல் காந்தப்புலம் சேர்த்த சங்கிலியில் பல்துகள் இடமுடக்கம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியும் அளவின் கேள்விதான். 16, 18 தளங்களைக் கொண்டு செய்த ஆரம்பக் கணக்குகள், புலத்தின் வீச்சு 3.5-ஐ ஒட்டி மாற்றம் வருவதாகக் காட்டின. தளங்கள் கூடக்கூட அந்தப் புள்ளி மேல்நோக்கி நகர்கிறது. எங்கே நிற்கும் என்று துறையில் இன்னும் வாதம் நடக்கிறது. இதில் இறங்க விரும்பும் மாணவர், 18 தளங்களில் தெரிவதை நம்புவதற்கு என்ன காரணம் என்ற கேள்விக்குப் பதிலோடு வர வேண்டும்.

டோபாலஜிகல் நிலைகளுக்கு நான் சொல்வது ஸ்பின்-1 சங்கிலி. முழு எண் ஸ்பின் சங்கிலிக்கு இடைவெளி உண்டு, அரை எண் சங்கிலிக்கு இல்லை என்று 1983-இல் டங்கன் ஹால்டேன் சொன்னார். டேவிட் தவுலஸ், மைக்கேல் காஸ்டர்லிட்ஸ் ஆகியோருடன் அவர் 2016-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது பாராட்டப்பட்ட பணிகளில் இதுவும் ஒன்று. ஸ்பின்-1-க்கு இடைவெளி 0.4105. முக்கியமான நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும், 1992-இல் ஸ்டீவன் வைட் தந்த டிஎம்ஆர்ஜி முறையை வைத்து இதை ஒரு மடிக்கணினியில் எடுத்துவிடலாம். அந்த முறை திறந்த முனைகளோடுதான் நன்றாக ஓடும். மாணவர் திறந்த சங்கிலியின் முதல் இரண்டு மட்டங்களைக் கழித்துப் பார்ப்பார். நீளம் கூடக்கூட விடை 0-ஐ நோக்கி ஓடும். நிரலில் கோளாறு இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு முனையிலும் ஒரு ஸ்பின்-அரை தனித்து நிற்கிறது; அவை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே ஆற்றலுள்ள நான்கு நிலைகளை உண்டாக்குகின்றன. அந்த முனை ஸ்பின்கள்தான் இந்த நிலையின் டோபாலஜி. உண்மையான இடைவெளி வேண்டுமானால் செங்குத்துக் கூறு 1 உள்ள பிரிவின் அடிமட்டத்தை, கூறு 2 உள்ள பிரிவின் அடிமட்டத்திலிருந்து கழிக்க வேண்டும். அல்லது இரு முனைகளிலும் நிஜமான ஒரு ஸ்பின்-அரையை ஒட்டவைத்து அந்தத் தனித்த ஸ்பின்களை அடக்கிவிடலாம். ஒட்டுறவு நீளம் (ஸ்பின்கள் ஒன்றையொன்று உணரும் தூரம்) சுமார் ஆறு தளங்கள் என்பதால், 60 தளங்களுக்குக் குறைந்த சங்கிலியில் இதைச் செய்து பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இருபரிமாணத்தில் நிலைமை கடுமையாகிவிடும். எல்லாப் பிணைப்புகளையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாத, விரக்தியுள்ள லேட்டிஸ்களில், தற்செயல் மாதிரிகளை வைத்துக் கணக்கிடும் குவாண்டம் மான்டே கார்லோ முறை குறிச் சிக்கலில் மாட்டும்: கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை இரைச்சலில் மூழ்கும். டிஎம்ஆர்ஜி உருளை வடிவில் ஓடும்; ஆனால் உருளையின் சுற்றளவோடு குவாண்டம் பின்னலும் (பகுதிகளுக்கு இடையிலான பிணைவு) வளர்வதால், தேவைப்படும் அணிகளின் அளவு சுற்றளவோடு அடுக்குக்குறி வேகத்தில் பெருகும். ஸ்பின்கள் ஒழுங்காக உறையாத ஸ்பின் திரவம் பற்றிப் படிக்க ஆசைப்படுபவர்கள் இந்தச் சுவரை ஒருபரிமாணத்தில் பழகிவிட்டுத்தான் அங்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழகுவதற்கு ஒரு முழுக் கணக்கு இதோ. மஜும்தார்–கோஷ் மாதிரியில் ஒன்றுவிட்ட பிணைப்பை ‘பாதி’ என்று நிலையாக வைக்காமல் 0-இலிருந்து மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு புள்ளியில் சங்கிலி இடைவெளியற்ற நிலையிலிருந்து இணைசேர்ந்த நிலைக்கு மாறும். இடைவெளி எங்கே திறக்கிறது என்று நேரடியாகப் பார்த்தால் அந்தப் புள்ளி கிடைக்காது. மாற்றத்துக்குப் பக்கத்தில் இடைவெளி அடுக்குக்குறி அளவில் சிறியது, 20 தள வளையத்தில் அதைப் பார்க்கவே முடியாது. அதற்குப் பதில் அடிநிலைக்கு மேலே உள்ள முதல் டிரிப்லெட்டையும் (மொத்த ஸ்பின் 1 உள்ள மூன்று நிலைகள்) முதல் சிங்லெட்டையும் பாருங்கள். மாற்றத்துக்கு முன் டிரிப்லெட் கீழே இருக்கும், பின் சிங்லெட் கீழே வரும். டிரிப்லெட்டின் ஆற்றலைச் செங்குத்துக் கூறு 1 பிரிவின் அடிமட்டமாக எடுக்கலாம். கூறு 0 பிரிவில் அடிநிலையை விட்டு, டிரிப்லெட்டோடு பொருந்தும் மட்டத்தையும் நீக்கினால், மிஞ்சியதில் தாழ்ந்தது சிங்லெட். வளையம் எட்டு, பத்து என்று இருபது வரை. ஒன்றுவிட்ட பிணைப்பு 0.2-இலிருந்து 0.3 வரை, இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு, தள எண்ணிக்கையின் வர்க்கத் தலைகீழுக்கு எதிராக வரைந்து 0 வரை நீட்டுங்கள். 1992-இல் ஒகாமோட்டோவும் நொமுராவும் இந்த வழியில்தான் அந்தப் புள்ளியைத் துல்லியமாகப் பிடித்தார்கள். வர வேண்டிய எண் 0.2411.